பேரூர் செயலாளர்கள் இருவருக்கும் ஒரு கணக்கு டீச்சர் எழுதுவது

மேலவீதியில் இருக்கும் ஒரு கட்சியின் பேரூர் செயலாளர் அவர்களுக்கும், கீழவீதியில் இருக்கும் இன்னொரு கட்சியின் பேரூர் செயலாளர் அவர்களுக்கும்,

போன வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் நடந்த கீழவீதிக் கட்சியின் தெருமுனைக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர், மேலவீதியார் மகளும் கீழவீதியார் மகனும் ஒருநாள் சேர்ந்து வெளியூர் போய்வந்ததைப் பற்றி மைக்கில் பேசினார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. "சொந்த வீட்டு வாசலைக் காக்கத் தெரியாதவர் பேரூராட்சியைக் காப்பாரா?" என்று அவர் கேட்டதும், நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் மேலவீதிப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அப்போது மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு பேர் வீட்டுக்கும் வந்தேனே. மேலவீதியில் காப்பி கொடுத்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்குப் போன் வந்தது, எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. கீழவீதியில் உட்காரவைத்துப் பேசினீர்கள், மரியாதையாகத்தான் பேசினீர்கள். கடைசியில் "டீச்சர், இது அரசியல். உங்களுக்குப் புரியாது" என்றீர்கள். அரசியல் எனக்குப் புரியாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இருவரும் ஜூன் மாதத்திலிருந்து என் வீட்டு மாடியில் கணக்குப்பதிவியல் படிக்கிறவர்கள்.

இதில் ஊர்ப் பெயரோ கட்சிப் பெயரோ பிள்ளைகளின் பெயரோ எழுதவில்லை. மேலவீதி, கீழவீதி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் இந்த இரண்டு வீதியும் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இப்போது நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனார்கள். அவள் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள். அவளுக்குக் கட்டணமில்லாப் பயணம். அவன்தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினான். பெரிய கோயில் புல்வெளியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொட்டலம் சுண்டலும் இரண்டு பழச்சாறும் வாங்கிச் சாப்பிட்டார்கள். மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான். இதை இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பழச்சாறு விலையில்கூட வித்தியாசம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான், பார்த்து எழுதிய விடையையும் சொந்தமாக எழுதிய விடையையும் பிரித்துச் சொல்லத் தெரியும்.

பொய் சொல்லிவிட்டுப் போனது தப்பு. அதை அவளிடம் கடுமையாகவே சொன்னேன். காதலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பதினேழு வயதில் படிக்கிற நேரத்தில் இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் நானும் சொல்வேன். என் பங்கும் இதில் இருக்கிறது. செப்டம்பரிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவளுடைய நோட்டில் அவன் கையெழுத்தில் ஒரு இருப்புநிலைக் குறிப்பு இருந்தது. ஒருமுறை இரண்டு பேரையும் வேறு வேறு பெஞ்சில் உட்காரச் சொன்னேன், அதோடு விட்டுவிட்டேன். அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். பேசாததற்குக் காரணம், உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வார்த்தை போய்வந்தால் என்ன ஆகும் என்ற பயம். பயந்தது சரியாகத்தான் போயிற்று.

அவர்கள் பஸ்ஸில் ஏறியதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் தஞ்சாவூர் போய்ச் சேருவதற்கு முன்பே அந்தப் படம் மேலவீதிக் கட்சியின் வார்டு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கீழவீதிக் கட்சியின் குழுவிலும். திரும்பி வந்த பஸ்ஸுக்காக நிலையத்தில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர்கூட அவளுக்கு உறவு கிடையாது. எல்லாரும் கரை வேட்டி. பையனைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள், அடித்தார்கள். அவள் போன் தரையில் விழுந்து உடைந்தது. ஏழு மணிக்குக் கீழவீதியிலிருந்து இரண்டு வேன் ஆட்கள் மேலவீதிக்கு வந்தார்கள். ஒரு அப்பாவும் ஒரு அம்மாவும் உட்கார்ந்து பேச வேண்டியதற்கு, ஒன்பது மணிக்கெல்லாம் இரண்டு கட்சிப் பொறுப்பாளர்களும் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள்.

மேலவீதியாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன் வேறு யாராவது வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால், பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்பியிருப்பீர்களா? எனக்குப் போன் செய்திருப்பீர்கள். "என்ன டீச்சர், பிள்ளையைக் கவனிக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டிருப்பீர்கள், நானும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மகன் என்பதால் ஸ்டேஷனுக்குப் போனீர்கள். கீழவீதியாரே, வேறொரு வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் நீங்களும் மகனைத் திட்டி மூன்று நாள் பைக் சாவியை வாங்கி வைத்திருப்பீர்கள். அவர் மகள் என்பதால் உங்களுக்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், முகத்தைப் பார்த்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே பிள்ளைகள் என்றால் கதையே வேறு. அப்போது நீங்கள் இருவரும் ஒரே கட்சி. கோயில் திருவிழா ஃபிளெக்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றீர்கள். அம்மாக்கள் இரண்டு பேரும் ஒன்றாக மார்கழி பஜனைக்கு வருவார்கள். பிள்ளைகள் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போய் விழுந்து, முட்டியில் சிராய்ப்போடு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் பதவித் தகராறில் ஒருவர் கட்சி மாறினீர்கள். 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது, வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது, இரண்டு வீட்டு அம்மாக்களும் எதிரெதிராக நின்றார்கள். உண்மையில் நின்றது நீங்கள் இருவரும்தான். அவர்கள் போட்டோவுக்கு நின்றார்கள். ஜெயித்தவர் லெட்டர்பேடில் கையெழுத்துப் போடுகிறார், கூட்டத்துக்கு நீங்கள் போகிறீர்கள். தோற்றவர் அன்றிலிருந்து பஜனைக்கு வருவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது வயது பதின்மூன்று, பதினான்கு. ஏன் இனிமேல் பேசக் கூடாது என்று யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. இத்தனைக்கும் போன வருடம் போட்ட வடிகால் கான்டிராக்டில் உங்கள் இரண்டு பேருடைய ஆட்களும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். அந்தக் கணக்கை யாரும் தெருமுனையில் பேசுவதில்லை.

இப்போது ஸ்டேஷன் விஷயம். "பெண்ணைக் கடத்திவிட்டான்" என்ற புகாருக்கு, வழக்காகப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எஃப்.ஐ.ஆர். ஆக்கச் சொல்லி, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தையும் சேர்க்கச் சொல்லி ஒரு தரப்பிலிருந்து தினமும் போன் போகிறது என்று ஊரே பேசுகிறது. சட்டம் படித்தவள் இல்லை நான். ஆனால் என்னிடம் படித்த மூன்று பேர் வக்கீலாக இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டியூஷன் சேரும்போது பிறந்த தேதியை என் நோட்டில் எழுதி வைப்பேன். அவள் அவனைவிட ஐம்பது நாள் மூத்தவள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கடத்தல் என்றால் பையனுக்குப் பதினாறு, பெண்ணுக்குப் பதினெட்டு என்று வயது வைத்திருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இரண்டு பேருமே பதினெட்டு வரை குழந்தைதான். அந்தக் கணக்குப்படி கீழவீதியாரும் ஒரு புகார் கொடுக்கலாம், என் மகனை அந்தப் பெண் அழைத்துக்கொண்டு போனாள் என்று. கொடுத்துவிடாதீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று காட்டுவதற்காகச் சொன்னேன்.

போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதற்கு முன்பு சம்மத வயது பதினாறு, அந்தச் சட்டம் அதைப் பதினெட்டாக்கியது. குழந்தைகளைச் சீரழிக்கிற மிருகங்களுக்காக வந்த சட்டம் அது, அதன் அவசியத்தை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பிய விவகாரங்களில் பெற்றோர் கோபத்தில் இதைக் கையில் எடுக்கிறார்கள் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமே பார்த்துச் சொல்லியிருக்கிறது. 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்தார். காதலித்த வளரிளம் பருவத்தினரைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்றார். 2022 டிசம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று எல்லா ஸ்டேஷனுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். அந்த வழக்குகளிலாவது உறவு என்று சொல்ல ஏதோ இருந்தது. இங்கே இருப்பது சுண்டல் பொட்டலம். இல்லாத ஒன்றை இருந்ததாக எழுதி, ஒருவரை அவமானப்படுத்துவதற்காகப் புகார் கொடுத்தால் அதற்கும் ஆறு மாதம்வரை சிறை என்று அதே போக்சோவின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிப் புகார் எழுதினால், முதலில் அவமானப்படப் போவது உங்கள் மகள்தான். டாக்டர் முன்னால் நிற்க வேண்டியவளும் மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டியவளும் அவள்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. இப்படி வழக்கில் சிக்கிய குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்குப் பதிவானால் அந்த வாட்ஸ்அப் படம் என்ன ஆகும் என்று உங்கள் கட்சி வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கட்சி வக்கீல்களிடமும்.

இரண்டு பேருடைய காதலைக் கட்சிகள் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று நம் மாநிலம் பார்க்காததா? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்ற மூன்று குடியிருப்புகள் எரிந்தன. எட்டு மாதம் கழித்து, காதலித்த அந்தப் பையன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். அது சாதி, இது கட்சிதானே என்பீர்கள். உங்கள் இருவருக்கும் ஒரே சாதி என்பதால் இதுவரை ஊர் எரியவில்லை, அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் நின்ற பன்னிரண்டு பேரில் ஒருவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவனை யார் கூப்பிட்டது என்று உங்களுக்கே தெரியாது.

இனி அந்தப் பெண். மேலவீதியாரே, திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் கேட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை அவளைக் கொண்டுபோய் வேறு மாவட்டத்தில் அத்தை வீட்டில் விட்டீர்கள். தை பிறந்ததும் அத்தை மகனுக்கே முடித்துவிடலாம் என்று பேச்சு நடப்பதாக அவள் அம்மா சொன்னார். உங்களுக்குத் தெரியாமல் எனக்குப் போன் செய்து சொன்னார், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அதற்காக அவரைக் கேள்வி கேட்டால் நான் உங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காருவேன். தை மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு நிறையாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ன்படி, நடத்திவைக்கிறவருக்கும் உடன்படுகிற பெற்றோருக்கும் இரண்டு வருடம்வரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். பேரூர் செயலாளருக்கு விதிவிலக்கு எதுவும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

1998-இல் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய அப்பாவும் ஒரு கட்சியில் பொறுப்பில் இருந்தவர். எதிர்க்கட்சிக்காரர் மகன் ஒருவன் அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தான், பொங்கல் வாழ்த்து அட்டை, கரும்பும் மாடும் போட்டது. அவள் அதைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அரையாண்டுத் தேர்வில் வகுப்பில் முதல் மதிப்பெண். ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், மார்ச்சில் கல்யாணம். பொதுத்தேர்வு நடந்த அன்று அவளுடைய இடம் காலியாக இருந்தது. நான் எதுவும் செய்யவில்லை; புதிதாகக் கல்யாணமாகி வந்த ஊர், பெரிய மனிதர்கள், எனக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். போன மாதம் ரேஷன் கடை வரிசையில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "டீச்சர், நீங்க நடத்தின தேய்மானம் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாள். நேர்கோட்டு முறையைப் படிப்படியாக ஒப்பித்தாள், வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பையன்? அவன் படித்துக் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறான். இரண்டு அப்பாக்களும் 2001 தேர்தலில் கூட்டணியாகி ஒரே ஜீப்பில் ஓட்டுக் கேட்டு வந்தார்கள்.

அந்த ஜீப்பை மறக்க முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வருடம் கூட்டாண்மைக் கணக்கில் நற்பெயர் பாடம் நடத்தினேன். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் மதிப்புப் போட முடியும் என்று சொன்னபோது அவள் கையைத் தூக்கி, "அதுக்கு யாராவது கடன் கொடுப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சி.ஏ. படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஃபவுண்டேஷன் தேர்வுக்குப் புத்தகம்கூட வாங்கிவிட்டாள். அது இன்னும் என் மாடியில்தான் இருக்கிறது. குடும்ப மானம் குடும்ப மானம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவளுடைய அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

பையன் மூன்று நாள் டியூஷனுக்கு வந்தான். கூடவே இரண்டு பேர் வந்து கீழே பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள், பாதுகாப்பாம். மற்றப் பிள்ளைகள் அவனிடம் பேசப் பயப்படுகிறார்கள். நான்காம் நாள் அவனும் வரவில்லை. வகுப்பில் அவனை ஏதோ போர்வீரன் மாதிரி உங்கள் கட்சிப் பையன்கள் நடத்துகிறார்களாம். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டீச்சர், அவ பரீட்சை எழுதுவாளா?"

இனி நான் கேட்பவை.

மேலவீதியாரே, மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் இன்னும் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருக்கிறார். மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் கணினிப் பதிவில் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டால் அப்புறம் இந்த நேரத்தில் இன்னொரு பள்ளியில் சேர்ப்பது பெரிய அலைச்சல். அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருக்க வேண்டும். ஊரில் வைத்திருக்கப் பயமாக இருந்தால் பொதுத்தேர்வு முடியும்வரை என் வீட்டில் தங்கட்டும். நான் தனியாகத்தான் இருக்கிறேன், அறை இருக்கிறது. தைக் கல்யாணப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே போன் செய்வேன், என் பெயரைச் சொல்லியே செய்வேன். ஸ்டேஷனில் கொடுத்த புகார் கோபத்தில் கொடுத்தது, மகள் அன்று மாலையே திரும்பிவிட்டாள், கடத்தல் எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

கீழவீதியாரே, உங்கள் மேடையில் இனி யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அந்தப் பேச்சாளரைக் கூப்பிட்டு நீங்களே சொல்ல வேண்டும். மகனோடு வருகிற பைக் ஆட்களை அனுப்பிவிடுங்கள், அவன் தனியாகச் சைக்கிளில் வரட்டும். பஸ் நிலையத்தில் அவனை அடித்தவர்கள் மேல் நீங்கள் புகார் கொடுப்பது உங்கள் உரிமை. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அடித்தவர்களின் பெயரை மட்டும் எழுதுங்கள், அவளுடைய பெயர் அதில் எந்த இடத்திலும் வரக் கூடாது.

இருவருக்கும் சேர்த்து: உங்கள் கட்சிக் குழுக்களில் அந்தப் படத்தை நீக்கச் சொல்லி நீங்களே உங்கள் குரலில் ஆடியோ போடுங்கள். மற்றவர்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீங்கள் சொன்னால் பத்து நிமிடத்தில் நீக்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம், உங்கள் மனைவிமார் இருவரையும் ஒரு நாள் என் வீட்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, பிள்ளைகளை எப்படி நடத்துவது, யாரை எங்கே உட்கார வைப்பது என்று பேசி முடிக்கட்டும். ஒரு காலத்தில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினவர்கள்தானே.

டியூஷன் நேரத்தை மாற்றிவிட்டேன். பெண்களுக்கு மாலை ஐந்து மணி, பையன்களுக்கு ஏழு மணி. திங்கட்கிழமை கூட்டாளி விலகல் பாடம் ஆரம்பிக்கிறேன். இருவருடைய நோட்டும் மாடி அலமாரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவருக்குப் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் நடத்திய, மற்றவருக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த டீச்சர்